காணாமற்போன கடை

நுழையும்முன்

குற்றக் கதை அச்சத்தைத் தருவது. நகைச்சுவைக் கதை சிரிப்பைத் தருவது. இவ்விரண்டும் ஒரே நூலில் சேரும்போது ஒன்றை மற்றொன்று கெடுத்துவிடாதா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஓர் உயிர் போயிருக்கும்போது சிரிக்கலாமா என்று கேட்பவரும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் எட்மண்ட் கிறிஸ்பின் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி மூவிங் டாய்ஷாப்’ என்னும் புதினம் அக்கேள்வியை எதிர்கொண்ட விதத்தை இப்பாடம் ஆராய்கிறது. அப்பெயரை ‘இடம்பெயர்ந்த பொம்மைக்கடை’ எனத் தமிழில் கூறலாம்.

இரவில் ஒரு கடை

ரிச்சர்டு கடோகன் ஒரு கவிஞர். வாழ்க்கை சலிப்பூட்டுவதாகவும், முதுமை நெருங்குவதாகவும், தமக்கு ஏதேனும் ஒரு துணிகரச் செயல் வாய்க்கவேண்டும் எனவும் எண்ணுகிறார். தம் பதிப்பாளரிடம் வாதாடி ஐம்பது பவுண்டு முன்பணம் பெற்றுக்கொண்டு, தாம் பயின்ற ஆக்ஸ்ஃபோர்டு நகரத்திற்குப் புறப்படுகிறார். தொடர்வண்டி அவரைப் பாதிவழியில் இறக்கிவிட, நூலகத்தில் புதினங்களை எடுத்துப் படிக்கும் பழக்கமுள்ள ஒரு சரக்குந்து ஓட்டுநர் அவரை ஏற்றிக்கொள்கிறார். நள்ளிரவு கடந்தபின் கடோகன் இஃப்லி சாலையில் தனியே நடந்து வருகிறார்.

அச்சாலையில் ஒரு பொம்மைக்கடை இருக்கிறது. அதன் கதவு பூட்டப்படவில்லை. வேண்டாத ஆவல் அவரை உள்ளே இழுக்கிறது. கீழே பொம்மைகள், மேல்மாடியில் ஒரு முதிய பெண்மணியின் உடல். அவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடக்கிறார். கடோகன் திகைத்து நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவர் தலையில் அடிக்க, நினைவிழந்து விழுகிறார். விழித்தபோது அவர் ஒரு சிற்றறைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார். சன்னல் வழியே தப்பிக் காவல்நிலையம் செல்கிறார். காவலருடன் அதே இடத்திற்குத் திரும்பி வந்து பார்த்தால், பொம்மைக்கடை இருந்த இடத்தில் ஒரு மளிகைக்கடை இருக்கிறது. நேற்றுத் திறந்த கடையாக அது தோன்றவில்லை. நெடுநாளாக அங்கேயே இருந்துவரும் கடையாகவே தோன்றுகிறது. உடலும் இல்லை, பொம்மைகளும் இல்லை.

காவலர் செய்ததில் தவறு ஏதும் காண இயலாது. தலையில் அடிபட்ட ஒருவர், அதிலும் ஒரு கவிஞர், பின்னிரவில் வந்து ஒரு கடையே மறைந்துவிட்டது என்கிறார். கண்ணெதிரே மளிகைக்கடை நிற்கிறது. அடியினால் அறிவு கலங்கியிருக்கிறது என அவர்கள் முடிவு செய்கின்றனர். நடைமுறை அறிவுள்ள எவரும் அவ்வாறே முடிவு செய்வர். புதினத்தின் சிக்கல் பிறக்கும் இடம் இதுவே: உண்மையைக் கூறும் ஒருவரை, நல்லறிவின் துணைகொண்டே ஒதுக்கிவிட முடிகிறது.

துப்பறியும் பேராசிரியர்

காவல்நிலையத்தால் பயனில்லை என்று உணர்ந்த கடோகன் செல்வது ஜெர்வாஸ் ஃபென் என்பவரிடம். ஃபென், ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்திற்கும் பேராசிரியர். அவர் பணிபுரியும் புனித கிறிஸ்டோபர் கல்லூரி நூலாசிரியரின் கற்பனை. உயரமான, ஒல்லியான உருவம். தண்ணீர் தடவிப் படியவைத்தாலும் அடங்காமல் குத்திட்டு நிற்கும் தலைமயிர். வியப்பூட்டும் ஒரு தொப்பி. ‘லில்லி கிறிஸ்டின்’ என்று பெயரிடப்பட்ட சிவப்பு நிறச் சிறு மகிழுந்தை அவர் ஓட்டும் முறையைக் கண்டால் கொலையாளியைவிட அவரிடமே மக்கள் அதிகம் அஞ்சுவர். வியப்பு மேலிடும்போது, லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ கதையில் வரும் வெள்ளை முயலின் சொற்களைக் கூறிக் கூவுவார். குழந்தையின் பொறுமையின்மையும் அறிஞரின் கூர்மையும் ஒருங்கே அமைந்த மனிதர் அவர்.

குற்றவியல் அவருக்குத் தொழிலன்று; பேரார்வம். நகரின் காவல்துறைத் தலைவர் சர் ரிச்சர்டு ஃப்ரீமன் இதற்கு நேர்மாறானவர். அவருக்குக் குற்றங்களில் ஈடுபாடு குறைவு. இலக்கியத் திறனாய்வே உயிர். ஃபென் ஒரு கொலையைப் பற்றிப் பேசத் தொலைபேசியில் அழைத்தால், அவர் ஷேக்ஸ்பியரின் ‘மெஷர் ஃபார் மெஷர்’ நாடகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். பேராசிரியர் காவலராகவும் காவலர் பேராசிரியராகவும் இருக்க விரும்பும் இந்த இடமாற்றம் வெறும் வேடிக்கை என்றே முதலில் தோன்றும். கடையொன்று இடம் மாறிய கதையில் மனிதரும் இடம் மாறி நிற்கின்றனர் என்பதைக் கவனித்தால், வேடிக்கைக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலனாகும். ஃப்ரீமன் பேச விரும்பும் அந்த நாடகமும் நீதியை வழங்கும் அதிகாரம் உடையவர் அதனை எவ்வாறு கையாள்கிறார் என்பதைப் பற்றியதே. கிறிஸ்பின் அதனைச் சுட்டிக்காட்டி விளக்குவதில்லை. படிப்பவர் கண்டுகொள்வதற்காக விட்டுவிடுகிறார்.

கடோகன் கூறியதைக் கேட்ட ஃபென் அதனைத் தள்ளிவிடவில்லை. காவலர், ‘கடை நகராது, ஆகவே நீர் கூறுவது பொய்’ என்று எண்ணினர். ஃபென், ‘நீர் கூறுவது மெய்யானால், கடை எவ்வாறு நகர்ந்திருக்கும்?’ என்னும் திசையில் சிந்திக்கிறார். இரண்டு எண்ணங்களுக்கும் தொடக்கம் ஒன்றுதான். எதனை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வேறுபாடு. ஒழுங்கான வாழ்க்கை வாழ்பவர் தம் உலகின் ஒழுங்கை விட்டுக்கொடுக்க மாட்டார். வேண்டாத தொப்பி அணிந்து வேண்டாத வேகத்தில் மகிழுந்து ஓட்டும் மனிதருக்கு அந்தத் தயக்கம் இல்லை. துப்பறிவாளரை ஏன் ஒரு விசித்திர மனிதராகப் படைக்கவேண்டும் என்னும் கேள்விக்கு இந்தப் புதினத்தில் கிடைக்கும் விடை இது. விசித்திரம் அவர்மீது போர்த்திய அணிகலன் அன்று, அவருடைய கருவி.

உயிலும் ஐந்தடிப் பாடலும்

கொலையுண்ட பெண்மணி எமிலியா டார்டி. அவருடைய அத்தை செல்வி ஸ்னெய்த் பெருஞ்செல்வர். தம் செல்வத்திற்காகத் தம்மை எவரேனும் கொன்றுவிடுவர் என்று வாழ்நாள் முழுதும் அஞ்சியவர். இறுதியில் அவரை எவரும் கொல்லவில்லை. ஒரு பேருந்து மோதி இறந்தார். கிறிஸ்பினின் நகைச்சுவை இத்தகையது. அஞ்சியது நடவாமல் அஞ்சாதது நடக்கிறது.

ஸ்னெய்த் எழுதிவைத்த உயில்தான் கொலைக்கு வித்து. சொத்து முழுவதும் எமிலியா டார்டிக்கு உரியது. ஆனால் அவர் நாளிதழில் வெளியாகும் விளம்பரத்தைக் கண்டு ஆறு மாதங்களுக்குள் வந்து உரிமை கோரவேண்டும். டார்டியோ அயல்நாடுகளில் பயணம் செய்துகொண்டே இருப்பவர். ஆங்கில நாளிதழ்களைப் படிக்கும் வழக்கம் இல்லாதவர். அவர் வரத் தவறினால் சொத்து வேறு ஐவருக்குப் போய்ச் சேரும். அந்த ஐவரும் உயிலில் தம் இயற்பெயரால் குறிக்கப்படவில்லை. ரைடு, லீட்ஸ், வெஸ்ட், மோல்டு, பெர்லின் என்னும் புனைபெயர்களால் குறிக்கப்படுகின்றனர்.

இவை பெரும்பாலும் ஊர்ப்பெயர்களாகத் தோன்றுவதால் படிப்பவர் நிலப்படத்தைத் தேடுவர். விடை நிலப்படத்தில் இல்லை. எட்வர்டு லியர் என்னும் கவிஞரின் நூலில் இருக்கிறது. லியர் (1812–1888) எழுதிய ‘எ புக் ஆஃப் நான்சென்ஸ்’ 1846இல் வெளிவந்தது. கிறிஸ்பினின் புதினத்திற்குச் சரியாக நூறு ஆண்டுகள் முன்பு. அதில் உள்ளவை ‘லிமரிக்’ எனப்படும் ஐந்தடிச் சிறுபாடல்கள். முதலிரண்டு அடிகளும் ஐந்தாம் அடியும் ஓர் இயைபிலும், மூன்றாம் நான்காம் அடிகள் வேறோர் இயைபிலும் முடியும். இன்ன ஊரில் ஒரு முதியவர் இருந்தார் என்று தொடங்கி, அவருடைய பொருளற்ற செயல் ஒன்றைக் கூறி முடிவது பெரும்பாலான பாடல்களின் அமைப்பு. தமிழில் அடியின் தொடக்கத்தில் அமையும் எதுகைக்கு உள்ள ஆற்றல் ஆங்கிலத்தில் அடியின் இறுதியில் அமையும் இயைபுக்கு உண்டு. அதனால்தான் லியரின் பாடல்களைத் தமிழாக்கும்போது சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

லியர் ஓவியரும் ஆவார். 1873 முதல் 1875 வரை இந்தியாவில் பயணம் செய்து இயற்கைக் காட்சிகளையும் கட்டடங்களையும் வரைந்தார், தென்னிந்தியாவிற்கும் வந்தார்.

செல்வி ஸ்னெய்த் லியரின் பாடல்களில் பெருவிருப்பம் கொண்டவர். தம் சொத்தைப் பெறப்போகும் ஒவ்வொருவருக்கும், அவர்தம் தோற்றத்தையோ வழக்கத்தையோ ஒத்த ஒரு பாடலைத் தேர்ந்து, அப்பாடலில் வரும் ஊர்ப்பெயரைச் சூட்டினார். ரைடு என்னும் ஊரின் பெண், பாடலில், புள்ளிபோட்ட நாய்களை வாங்குகிறாள். ஆகவே ஃபென் தேடவேண்டியது புள்ளிபோட்ட நாயுடன் செல்லும் ஓர் இளம்பெண்ணை. பெர்லின் நகரத்து முதியவர் மிகமிக ஒல்லியானவர். ஆகவே அப்பெயருக்கு உரியவரும் ஒல்லியானவராக இருத்தல் வேண்டும். குழந்தைகளைச் சிரிக்கவைக்க எழுதிய பாடல்கள் கொலைவழக்கின் சான்றுகள் ஆகின்றன.

இங்கே ஃபென்னின் கல்வி அவருக்குத் துணைநிற்கிறது. லியரைப் படிக்காத துப்பறிவாளர் ஐந்து ஊர்களுக்கும் பயணச்சீட்டு வாங்கியிருப்பார். துப்பறியும் புதினங்களில் வேதியியல் அறிவும் நஞ்சுகளைப் பற்றிய அறிவும் உதவியதுண்டு. நகைச்சுவைப் பாடல்களைப் பற்றிய அறிவு உதவியது அரிது. ஐவருள் ஒருவரான சாலி கார்ஸ்டேர்ஸ், கடையொன்றில் வேலை செய்யும் இளம்பெண், சூழ்ச்சியை அறியாதவர். அவரைத் தேடிப்பிடித்ததும் முடிச்சு அவிழத் தொடங்குகிறது.

கடை எவ்வாறு நகர்ந்தது?

கொலையாளி யார் என்பதை இப்பாடம் கூறப்போவதில்லை. புதினத்தைத் தேடிப் படிக்கவிருப்பவரின் உரிமையைப் பறிப்பது முறையன்று. ஆயினும் கடை நகர்ந்த முறையைக் கூறாமல் இந்நூலின் மையத்தைக் கூற இயலாது.

ஒரு கடையை நாம் எதனால் அறிகிறோம்? சுவராலா, கதவாலா? ஒரே வரிசையில் ஒரே அமைப்பில் கட்டப்பட்ட கடைகளைச் சுவரால் வேறுபடுத்த முடியாது. உள்ளே பொம்மை இருந்தால் அது பொம்மைக்கடை. அரிசியும் பருப்பும் இருந்தால் மளிகைக்கடை. பொருள்களை மாற்றிவிட்டால் கடையே மாறிவிடுகிறது. சூழ்ச்சியாளர் செய்தது அவ்வளவே. மளிகைக்கடை ஒன்றில் ஓர் இரவுக்கு மட்டும் பொம்மைகளை அடுக்கி, விடிவதற்குள் அவற்றை அகற்றிவிட்டனர். மந்திரம் போலத் தோன்றியது, மூட்டை சுமக்கும் வேலை.

ஏன் அவ்வாறு செய்தனர்? அம்முதிய பெண்மணியை அங்கே வரவழைத்து, அச்சுறுத்தி, சொத்தை விட்டுக்கொடுப்பதாகக் கையொப்பம் பெறுவதே முதலில் தீட்டிய திட்டம். பிறகு அவர் காவலரிடம் சென்று முறையிடலாம் அல்லவா? முறையிடட்டும். ‘ஒரு பொம்மைக்கடையில் என்னை மிரட்டினர்’ என்பார். காவலர் சென்று பார்ப்பர். அங்கே மளிகைக்கடை இருக்கும். முதியவர், தனியர், நெடுங்காலம் அயல்நாடுகளில் அலைந்தவர். அவர் சொல்லை எவர் நம்புவர்?

சூழ்ச்சியாளரின் ஆயுதம் இவ்வகையில் கத்தியும் அன்று, துப்பாக்கியும் அன்று. எளியவர் ஒருவர் கூறும் உண்மையைக் கேட்பவர் நகைத்து ஒதுக்கும்படி செய்வதே அவர்கள் ஆயுதம். நகைப்பிற்குள் ஒரு கொடுமை ஒளிந்திருக்கக்கூடும் என்பதை ஒரு நகைச்சுவைப் புதினம் எடுத்துக்காட்டுவது வியப்பிற்குரியது. திட்டம் கொலையாக முடிந்தபோதும் அந்த ஆயுதம் பயன்படுகிறது. இம்முறை அது பாய்வது டார்டியின்மீது அன்று. தற்செயலாக அங்கே நுழைந்த கடோகன்மீது. காவலர் அவரை நம்பாததோடு, சற்று நேரத்தில் அவரையே தேடவும் தொடங்கிவிடுகின்றனர்.

பொம்மைக்கடை கதையை வேடிக்கையாகத் தொடங்கிவைக்கும் உத்தி என்றே முதல் வாசிப்பில் தோன்றும். இரண்டாம் வாசிப்பில் அது அவ்வளவு எளிய வேடிக்கையாக இராது.

சிரிக்கும் இடமும் சிரிக்காத இடமும்

புதினத்தின் நடுப்பகுதி முழுவதும் ஓட்டம். ஃபென்னும் கடோகனும் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டு ஷெல்டோனியன் அரங்கினுள் நுழைகின்றனர். அங்கே பிராம்ஸ் என்னும் இசையறிஞரின் படைப்பைப் பெருங்குழு ஒன்று பாடிப் பழகிக்கொண்டிருக்கிறது. அகப்படாமல் இருக்க இருவரும் பாடகரோடு பாடகராக நின்று பாடுகின்றனர். பாடத் தெரியாதவர் பாடினால் என்ன ஆகும்? குழுவின் தலைவர் அவர்களை வெளியேற்றுகிறார். இக்காட்சியை எழுதியவர் இசையை நன்கு அறிந்தவர் என்பது வரிக்கு வரி தெரியும்.

எட்மண்ட் கிறிஸ்பின் என்பது புனைபெயர். இயற்பெயர் இராபர்ட் புரூஸ் மான்ட்கோமரி (1921–1978). ஆக்ஸ்ஃபோர்டின் புனித ஜான் கல்லூரியில் பயின்றவர், இசையமைப்பாளர். ‘கேரி ஆன்’ என்று தொடங்கும் பெயர்களைக் கொண்ட பிரித்தானிய நகைச்சுவைத் திரைப்படங்கள் சிலவற்றிற்கு இசையமைத்தவர். மாணவராக இருந்தபோதே எழுதிய முதற்புதினம் 1944இல் வெளிவந்தது. ஃபென்னைத் தலைவராகக் கொண்டு அவர் எழுதிய புதினங்கள் ஒன்பது. கவிஞர் பிலிப் லார்கின் அவருடைய கல்லூரி நண்பர். ‘இடம்பெயர்ந்த பொம்மைக்கடை’ லார்கினுக்கே உரிமையாக்கப்பட்டுள்ளது. கவிஞர் ஒருவரைக் கதைத்தலைவருள் ஒருவராக்கி, அவர் தலையில் அடிபட வைத்து, அந்நூலை ஒரு கவிஞருக்கே காணிக்கையாக்கியது நட்பின் உரிமை போலும்.

தாம் ஒரு கதைக்குள் இருப்பதை அறிந்தவர்போல் இந்நூலின் மாந்தர் சில இடங்களில் பேசுவர். துரத்திச் செல்லும்போது ஓரிடத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கமே செல்வோம், இந்நூலை வெளியிடுபவர் கோலான்ஸ் ஆயிற்றே என்கிறார் கடோகன். விக்டர் கோலான்ஸ் 1936இல் இடதுசாரி நூற்கழகம் ஒன்றைத் தொடங்கிய பதிப்பாளர். ஆங்கிலச் சிலேடைகள் தமிழில் பெரும்பாலும் உயிர்பிழைப்பதில்லை. இது ஒன்று உயிரோடு வந்து சேர்கிறது.

தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் முதலாவது நகை. நகை பிறக்கும் நிலைக்களன்களாக மடன், பேதைமை, இளமை, எள்ளல் ஆகிய நான்கும் கூறப்படுகின்றன. ஃபென்னால் பிறக்கும் நகை எள்ளலிலிருந்தும் இளமையிலிருந்தும் வருவது. பெரிய பதவியில் உள்ளோரை அவர் எள்ளுகிறார். வயது நாற்பதைத் தொட்டும் சிறுவன்போல் நடந்துகொள்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் தமிழில் தேவன் (1913–1957) ஆனந்த விகடன் இதழில் படைத்த துப்பறியும் சாம்புவை இங்கே நினைவுகூரலாம். வங்கி எழுத்தரான சாம்புவால் பிறக்கும் நகை பேதைமையிலிருந்து வருவது. சாம்பு தவறாகச் செய்வது தற்செயலாகச் சரியாக முடியும்; ஃபென் சரியாகச் செய்வது பிறர் கண்ணுக்குத் தவறாகத் தோன்றும். ஒருவரை ஊரே அறிவாளி என்று எண்ணுகிறது, அவர் அறிவாளி அல்லர். மற்றவரை ஊரே கோமாளி என்று எண்ணுகிறது, அவர் கோமாளி அல்லர். இருவரும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து, தோற்றத்தைக் கொண்டு மனிதரை அளப்பதன் குறையை ஒரே இடத்தில் தொடுகின்றனர்.

மெய்ப்பாடுகளுள் மருட்கையும் அச்சமும் உண்டு. பொம்மைக்கடை மறைந்தபோது தோன்றுவது மருட்கை. இருண்ட மாடியில் உடலைக் காணும்போது தோன்றுவது அச்சம். இங்கேதான் ஆசிரியரின் அளவறிதல் வெளிப்படுகிறது. உடல் கிடக்கும் அறையில் அவர் ஒரு வேடிக்கையும் செய்வதில்லை. அங்கே நடை சுருங்கி அமைதியாகிறது. கல்லூரி, காவல்துறை, பதிப்பகம், கவிதை, பேராசிரியர், பேராசிரியரின் மகிழுந்து என எல்லாவற்றையும் நகைக்கும் இப்புதினம், எமிலியா டார்டியை நகைக்கவில்லை. அவருடைய அத்தையின் அச்சமும் உயிலும் நகைப்பிற்கு உள்ளாகின்றன, அவர் உள்ளாகவில்லை. முன்னர்க் கூறிய கேள்விக்கு, அதாவது ஓர் உயிர் போயிருக்கும்போது சிரிக்கலாமா என்பதற்கு, புதினம் தரும் விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

நூலின் பெயரும் இதனோடு தொடர்புடையது. அது பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்சாண்டர் போப் எழுதிய ‘தி ரேப் ஆஃப் த லாக்’ என்னும் கவிதையிலிருந்து எடுத்தது. ஒரு பெண்ணின் கூந்தற்சுருளை ஒருவர் கத்தரித்துவிட்டார் என்னும் சிறுசெய்தியைக் காப்பியத்திற்குரிய பெருமுழக்கத்துடன் பாடிய நூல் அது. போப் சிறியதைப் பெரிய குரலில் பாடினார். கிறிஸ்பின் பெரியதை மெல்லிய குரலில் கூறுகிறார். குரலுக்கும் பொருளுக்கும் இடையே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடுவது இருவருக்கும் பொது.

குறைகளும் உண்டு. தற்செயல் நிகழ்வுகள் அளவுக்கு மிஞ்சியவை. தேடப்படுபவர் தேடுபவரின் எதிரே தெருவில் நடந்து வருவது ஒருமுறை நடந்தால் ஏற்கலாம். பலமுறை நடந்தால் ஆசிரியரின் கை தெரிந்துவிடுகிறது. சூழ்ச்சியாளர் பலர் ஆதலின் அவர்தம் புனைபெயர்களையும் இயற்பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது எளிதன்று. ஓட்டத்தின் விரைவில் ஆசிரியர் இக்குறைகளைக் கடந்துவிட முயல்கிறார். பெரும்பாலும் வெற்றியும் பெறுகிறார்.

இராட்டினம்

இறுதிக் காட்சி பாட்லி என்னும் இடத்தில் நடைபெறும் சந்தைத் திருவிழா. குற்றவாளி அங்குள்ள பெரிய இராட்டினத்தில் ஏறிவிடுகிறார். துரத்தியவரும் ஏறுகின்றனர். இராட்டினம் கட்டுக்கு அடங்காமல் விரைந்து சுழல்கிறது. குழந்தைகள் விளையாடும் கருவி உயிர்பறிக்கும் கருவியாகிறது. பொம்மைக்கடையில் தொடங்கிய கதை இராட்டினத்தில் முடிவதும், இடையில் குழந்தைப் பாடல்கள் சான்றாக நின்றதும் தற்செயல் அல்ல. விளையாட்டுப் பொருள்களின் நடுவே ஒரு கொடுஞ்செயலை வைத்து, எது விளையாட்டு, எது வினை எனப் பிரித்தறியும் பொறுப்பை ஆசிரியர் படிப்பவரிடம் ஒப்படைக்கிறார்.

இக்காட்சிக்கு ஒரு பின்கதை உண்டு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1951இல் இயக்கிய ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெயின்’ என்னும் திரைப்படம், பட்ரீசியா ஹைஸ்மித் 1950இல் வெளியிட்ட புதினத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அத்திரைப்படத்தின் புகழ்பெற்ற முடிவான, கட்டுமீறிச் சுழலும் இராட்டினம் ஹைஸ்மித்தின் புதினத்தில் இல்லை. அது கிறிஸ்பினின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. திரையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. கடையை நகர்த்தியவர்களைப் பற்றி எழுதியவரின் இராட்டினத்தை வேறொருவர் நகர்த்திச் சென்றுவிட்டார்.

கற்பவை கற்றபின்

காவலர் கடோகனை நம்பாதது சரியே என்று ஓர் அணியும், தவறே என்று மற்றோர் அணியும் வகுப்பறையில் வாதிடுக. காவலரிடம் அப்போது இருந்த சான்றுகளை மட்டுமே வாதத்திற்குப் பயன்படுத்துக.

தாம் கூறிய உண்மையைப் பிறர் நம்ப மறுத்த ஒருவரின் நிலையிலிருந்து, இஃப்லி சாலை மளிகைக்கடையின் முன் விடியற்காலையில் நிற்கும் கடோகனின் எண்ணங்களை ஒரு பக்க அளவில் எழுதுக.